துருவேறாத ஒரு பின்

என் கொழுந்தனார் ஒரு வாஷரைத் தேடித்தான் அந்தத் தகர டப்பாவைக் கூடத்தில் கவிழ்த்தார். செய்தித்தாளின் மேல் கொட்டிய பழைய இரும்புகளின் நடுவே துருவேறாத ஒரு பின் கிடந்தது. அதைக் கண்டதும் அவர் தேடிவந்ததை மறந்தார். விரல் நுனியால் அதை மட்டும் தனியே நகர்த்தி வைத்துவிட்டு, அதையே பார்த்தபடி அமர்ந்திருந்தார். என் ஓரகத்தி அடுக்களையில் இருந்தபடியே, "வாஷர் கெடைச்சுதா, புதையல் கெடைச்சுதா?" என்று கேட்டாள். அவள் கை துடைத்துக்கொண்டு வெளியே வந்து பார்த்தபோது, அவருடைய நெற்றி வேர்த்திருந்தது.

மின்விசிறி மாட்டுவதே அவருடைய தொழில். அத்தொழிலை அறியாதவர்களுக்கு, அந்தச் சிறு கம்பித் துண்டு ஒரு மனிதரை ஏன் அப்படி உட்கார வைத்தது என்று விளங்காது. கூரையில் பதித்த கொக்கியில் விசிறியின் தண்டைத் தொங்கவிட்டு, குறுக்கே ஒரு போல்ட்டைச் செலுத்தி, நட்டால் முடுக்குவார்கள். விசிறி ஓட ஓட, அந்த அதிர்வில் நட்டு தளரக்கூடும். அது கழன்றுவிடாமல் இருப்பதற்காகப் போல்ட்டின் நுனியில் ஒரு துளை உண்டு. அத்துளையில் இரட்டைக் கால் உடைய சிறு கம்பி ஒன்றைச் செருகி, இரு கால்களையும் எதிரெதிர்ப் பக்கமாக வளைத்துவிட வேண்டும். கடையில் அதற்கு ஸ்பிலிட் பின் என்று பெயர். வேலை செய்பவர்கள் வெறுமனே பின் என்பார்கள். அதன் பிறகு கிண்ணம் போன்ற மூடியை மேலே தள்ளிக் கொக்கியையும் போல்ட்டையும் மறைத்துவிடுவார்கள். மூடிவிட்டால், உள்ளே பின் இருக்கிறதா இல்லையா என்பது கீழே நிற்பவர் எவருக்கும் தெரியாது.

பழைய விசிறியைக் கழற்றும்போது கிடைக்கும் பின்கள் துருவேறி இருக்கும். அவற்றை அவர் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்; மாலையில் வீட்டுக்கு வந்ததும் டப்பாவில் கொட்டுவார். புதிய பின்னோ அட்டைப் பெட்டியிலிருந்து நேரே அவருடைய உதடுகளுக்குப் போகும். இரு கைகளும் விசிறியின் பாரத்தைத் தாங்கியிருக்க, பின்னை வாயில் கவ்விக்கொண்டு ஏணியில் நிற்பது அவர் வழக்கம். வாயிலிருந்து அது துளைக்குத்தான் போக வேண்டும். சட்டைப் பைக்குப் போக வழியே இல்லை. ஆகவே, டப்பாவில் புதிய பின் கிடக்கிறது என்றால், எங்கோ ஒரு விசிறி பின் இல்லாமல் சுழன்றுகொண்டிருக்கிறது. அதன் கீழே யாரோ படுத்திருக்கிறார்.

அவர் இத்தொழிலுக்கு வந்தது சுற்றுவழியில்தான். இளமையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் பட்டறை ஒன்றில் இருந்தார். சுற்றுகளை மனத்துக்குள் எண்ணிக்கொண்டே சுற்ற வேண்டும். இடையில் யாரேனும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எண்ணிக்கை தவறிவிடும். அதனால் பட்டறையில் அவரை எவரும் கூப்பிடுவதில்லை. திருமணமான புதிதில் என் ஓரகத்தி கூப்பிட்டபோதும் அதே பழக்கத்தில் திரும்பிப் பார்க்காமல் இருந்தார் என்றும், காது கேளாத மாப்பிள்ளையைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அவள் அழுதாள் என்றும் எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. பட்டறை மூடப்பட்ட பிறகு, கடைவீதியில் உள்ள பெரிய மின்பொருள் கடைக்கு விசிறி மாட்டிக் கொடுப்பவர் ஆனார். அவர் மாட்டிய விசிறி ஆடாது என்று ஊரில் பெயர். "நான் எது சொன்னாலும் தலையாட்டுவாரு. இவரு மாட்டுன ஃபேன் மட்டும் யாருக்கும் தலையாட்டாது" என்பாள் என் ஓரகத்தி.

கடைசியாக அவர் செய்துகொண்டிருந்தது ஒரு பெரிய வேலை. பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில், எல்லா வீடுகளிலும் பழைய விசிறிகளைக் கழற்றிவிட்டு, மின்சாரம் குறைவாக இழுக்கும் புதிய விசிறிகளை மாட்டுவது என்று குடியிருப்பினர் முடிவு செய்திருந்தனர். சுவரில் இருந்த பழைய ரெகுலேட்டர்கள் போய், கையடக்கமான ரிமோட்டுகள் வந்தன. புதிய விசிறிகளில் ஓசையே இல்லை. அந்த வேலை தொடங்கும் முன்புதான் டப்பாவைப் பழைய இரும்புக் கடையில் அவர் காலி செய்திருந்தார். எனவே, தவறு நேர்ந்தது எந்த வீட்டில் ஆயினும், அது அந்தக் குடியிருப்பில்தான்.

அந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதுதான் அவருடைய அண்ணன், அதாவது என் கணவர், இறந்தார். முற்பகல் நேரம். தொலைபேசியில் நான்தான் சொன்னேன். மறுமுனையிலிருந்து "சரி" என்ற ஒரே சொல் வந்தது. அந்தக் குடியிருப்பிலிருந்து எங்கள் வீட்டுக்கு நடந்தே வந்துவிடலாம். அவரோ, உறவினர் பலர் வந்து கூடிய பிறகுதான், ஏணியைத் தோளில் சுமந்தபடி வாசலில் வந்து நின்றார். "அண்ணன் செத்துக் கெடக்குறாரு, தம்பி வேலைய முடிச்சுட்டு நிதானமா வர்றாரு" என்று என் நாத்தனார் அனைவரும் கேட்கும்படி சொன்னார். அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். அந்தச் சொல் அவர்மேல் அப்படியே ஒட்டிக்கொண்டது. அத்தனை நேரம் எங்கே இருந்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சொல்ல அவருக்கே தெரியாது என்பது, பின்னைக் கண்ட அன்றுதான் எனக்குத் தெரியவந்தது.

அன்று அவர் மாடியில் நான் இருக்கும் அறைக்கு ஏறி வந்து, கதவருகிலேயே நின்றுகொண்டு சொன்னார். "போன் வந்தப்ப ஏணி மேல நின்னேன், அண்ணி. வாயில பின் இருந்துச்சு. பேசணும்னு வாயிலேர்ந்து எடுத்தேன். அதுவரைக்கும் ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் நம்ம வாசல்ல கூட்டம் நிக்குது. நடுவுல ஒண்ணுமே இல்ல."

எந்த வீடு என்று கேட்டேன்.

"அதான் தெரியல. எல்லா ரூமும் ஒரே மாதிரி. மேல வெள்ளையா கூரை, நடுவுல ஒரு கொக்கி. நான் அதை மட்டும்தானே பாக்குறேன்."

மறுநாள் அவர் கடை முதலாளியிடம் சென்று நடந்ததைச் சொன்னார். முதலாளி கெட்டவர் அல்லர். ஆனால், கடை நிற்பது பெயரால்தான் என்று உறுதியாக நம்புகிறவர். சில பெட்டிகளில் பின் ஒன்று கூடுதலாக வரும், அதுவாக இருக்கும் என்றார். பின் இல்லாவிட்டாலும் நட்டு தாங்கும் என்றார். துக்கத்தில் மனம் குழம்பியிருக்கிறது, நாலு நாள் ஓய்வு எடுங்கள் என்றும் சொல்லிப் பார்த்தார். எதற்கும் கொழுந்தனார் நகராமல் நிற்பதைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு வீட்ல போய் இதைச் சொன்னீங்கன்னா, சாயங்காலத்துக்குள்ள மொத்தக் குடியிருப்பும் என் கடை வாசல்ல நிக்கும். பாக்கணும்னா பாருங்க. இலவச சர்வீஸ்னு சொல்லிட்டுப் பாருங்க. பின் கின்னுன்னு வாயத் தொறந்தீங்க, அதோட நமக்குள்ள தீந்துது."

அவர் அதற்கு ஒப்புக்கொண்டு வந்தார்.

அந்த நாள்களில் அவரைப் பார்க்க எனக்கே அச்சமாக இருந்தது. எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் கூரையைப் பார்த்தார். பிறகு சுவரோரமாக ஒதுங்கினார். வீட்டில் சாப்பிடும்போதும் தட்டை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனார். முடிதிருத்தும் கடையில் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட முடியுமா என்று கேட்டிருக்கிறார். "கழுத்துல கத்தி வச்சிருக்கேன், அதுக்குப் பயப்படாம மேல இருக்கிற ஃபேனுக்கா பயப்படுறீங்க?" என்று கடைக்காரர் சிரித்தாராம். தெருவில் அவருக்கு அண்ணாந்தார் என்ற பெயர் வைத்தார்கள். அதை அவர் அறிந்திருந்தார், பொருட்படுத்தவில்லை.

அவரை ஆட்டிவைத்தது வேறொன்று. காலமெல்லாம் ஏணியின் மேலிருந்தே அறைகளைப் பார்த்துப் பழகியவர் ஆகையால், எந்த அறையை நினைத்தாலும் அது மேலிருந்தே அவருக்குத் தோன்றியது. கீழே ஒரு கட்டில். கட்டிலில் ஒரு தலை. முகம் தெரிவதில்லை, உச்சந்தலை மட்டும் தெரியும். பேருந்தில் முன்னிருக்கையில் அமர்ந்திருப்பவரின் உச்சந்தலையைப் பார்த்தால்கூட, இதுவாக இருக்குமோ என்று தோன்றுவதாகச் சொன்னார். பழைய விசிறியாக இருந்தால் தளரும்போது கடகடத்து எச்சரிக்கும், இந்தப் புதியவற்றுக்கு வாயே இல்லை என்று சொல்லி வருந்தினார். நட்டு ஒரு மயிரிழை அளவு திரும்பும் ஓசை, எங்கிருந்தோ தம் காதில் விழுகிறது என்று ஒருநாள் சொன்னார். அன்று என் ஓரகத்தி கேலி பேசவில்லை. எழுந்து சென்று கூடத்து விசிறியை நிறுத்தினாள். அதன் பிறகு அவர் வீட்டில் இருக்கும் வேளையில் நாங்கள் விசிறியைப் போடுவதே இல்லை.

அவர் ஏணியுடன் குடியிருப்பில் வீடுவீடாக ஏறினார். இலவசம் என்ற சொல்லுக்குச் சில கதவுகள் அகலத் திறந்தன. சில கதவுகள் சங்கிலியின் நீளத்துக்கு மட்டும் திறந்தன. ஒரு வீட்டில் இலவசம் என்றதும், இஸ்திரிப் பெட்டி, மிக்ஸி, எரியாத விளக்கு எல்லாவற்றையும் வரிசையாகக் கொண்டுவந்து அவர்முன் வைத்தார்கள். அவரும் ஒன்றுவிடாமல் சரிசெய்து கொடுத்துவிட்டுத்தான் ஏணியை விரித்தார். இன்னொரு வீட்டில் விசிறிக்கு நேர்கீழே குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. எழுப்பினால் அழும், நாளை வாருங்கள் என்று தாய் சொன்னாள். அவர் அனுமதிக்குக் காத்திராமல் தொட்டிலைப் பிடித்து இழுத்துச் சுவரோரம் நிறுத்திவிட்டார். அந்தப் பெண் அதிர்ந்துபோனாளாம். விசிறியில் பின் இருந்தது.

ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், ஏணியின் காலடியிலேயே நாற்காலி போட்டு அமர்ந்துகொண்டு, "போன மாசம் மாட்டுன ஃபேனுக்கு இந்த மாசம் என்னய்யா சர்வீஸ்? நீங்க மாட்டுனதுல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார். கொழுந்தனார் கீழே பார்க்காமல் கிண்ணத்தை இறக்கினார். அங்கும் பின் இருந்தது.

எல்லா வீடுகளிலும் பின் இருந்தது. இரண்டு கால்களும் எதிரெதிரே விரிந்து, அவருடைய கைவழக்கம் மாறாமல் இருந்தது. ஆனால், ஒவ்வொரு வீட்டிலும் அதைக் கண்டபோது அவருக்கு நிம்மதி வரவில்லை. அந்த வீட்டுக்கு உரிய ஆபத்து, பார்க்காமல் மிஞ்சிய வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாகவே எண்ணினார். வீடுகள் குறையக் குறைய அவருடைய முகம் இறுகியது. இறுதியில் மூன்றாம் தளத்தின் கோடியில் ஒரே ஒரு வீடு எஞ்சியது. அத்தனை ஆபத்தும் இப்போது அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தது.

அவ்வீட்டின் அழைப்புமணிப் பொத்தானின் மேல் ஒட்டுநாடா ஒட்டியிருந்தது. வாசலில் ஒரு ஜோடி வெள்ளைக் காலணிகள் இருந்தன. தட்டினால் எவரும் வருவதில்லை. அங்கே ஒரு செவிலியர் குடியிருக்கிறார், இரவு வேலைக்குப் போய்விட்டுக் காலையில் வந்து படுப்பவர் மாலையில்தான் எழுவார், அவரை எழுப்பக் கூடாது என்று குடியிருப்பில் எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்கிறார் என்று காவலாளி சொன்னார்.

மற்ற வீடுகளில் பகலில் மனிதர்கள் நடமாடுவார்கள். விசிறியின் கீழே சற்று நேரம் இருப்பார்கள், சற்று நேரம் விலகி இருப்பார்கள். இந்தச் செவிலியரோ வெளிச்சம் இருக்கும் நேரம் முழுவதும் அதன் கீழேயே அசையாமல் படுத்திருக்கிறார். கொழுந்தனார் அந்தக் கதவில் காதை வைத்துப் பார்த்தார். ஓசையில்லாத விசிறி ஆயிற்றே, என்ன கேட்கும்? ஓடுகிறதா, விழுந்துவிட்டதா, உள்ளே இருப்பவர் மூச்சுவிடுகிறாரா என்று எதுவும் தெரியாமல், படிக்கட்டின் வளைவில் அமர்ந்து மாலை வரை காத்திருந்தார். கதவு திறந்தது. செவிலியர் பையை மாட்டிக்கொண்டு விரைந்து வந்தார். அவரை உயிருடன் கண்ட ஆறுதலில் கொழுந்தனார் எழுந்து முன்னால் போனார். இலவச சர்வீஸ் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னார்.

"இலவசம்னு ஏறி வர்றவங்க, இறங்கும்போது ஏதாவது தலையில கட்டிட்டுத்தான் போவாங்க. ஃபேன் நல்லாத்தான் ஓடுது. நான் தூங்குற நேரத்துல மட்டும் வந்துடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே, நிமிர்ந்தும் பாராமல் செவிலியர் இறங்கிப் போய்விட்டார். அடுத்த நாள் மாலையும் அதே படிக்கட்டில் அதே மறுமொழிதான் கிடைத்தது.

அன்று வீட்டுக்கு வந்த கொழுந்தனார், சட்டை முழுதும் நனைந்திருக்க, கூடத்தின் சுவரில் சாய்ந்து அமர்ந்தார். புழுக்கம் தாங்க முடியவில்லை. என் ஓரகத்தி, புதிய விசிறி ஒன்று வந்த பெட்டியின் அட்டையைக் கிழித்து, அதனால் விசிறிக்கொண்டிருந்தாள். ஊருக்கெல்லாம் காற்று மாட்டிக் கொடுத்தவர் வீட்டில் அட்டைதான் மிச்சம் என்றாள். அவர் சிரிக்கவில்லை. அவளும் அட்டையைக் கீழே வைத்துவிட்டாள்.

"உண்மையச் சொன்னாத்தான் அந்தக் கதவு தொறக்கும்னா, சொல்லிடுங்க" என்றாள்.

"சொன்னா, இத்தனை வீட்லயும் பொய் சொல்லிட்டு ஏறுனேன்னு ஆகும். கடை வேலை போகும்."

"ஆகட்டும். பொய்தானே? வேலை போனா வேற வேலை பாத்துக்கலாம். உங்களைச் சுவரோரமாவே உக்கார வச்சுச் சோறு போட என்னால ஆகாது."

மறுநாள் நண்பகலில் அவர் அந்தக் கதவைத் தட்டினார். முதலில் விரல் முட்டியால் தட்டினார், பிறகு உள்ளங்கையால், பிறகு முழங்கையால் இடித்தார். பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. மாடிப்படியில் ஆள்கள் வந்து நின்றார்கள். அவர் கதவின் இடுக்கில் வாயை வைத்து, அவர் குரலா என்று காவலாளியே வியக்கும் அளவுக்கு உரக்கப் பேசினார்.

"அம்மா, நான் உங்களுக்கு ஃபேன் மாட்டுனவன். அதுல பின் போடாம விட்டுட்டேனோன்னு பயமா இருக்கு. விழுந்துடும். எனக்குக் கதவைக்கூடத் தொறக்க வேணாம். கட்டிலை விட்டு எந்திரிச்சு அந்த ரூமை விட்டு வெளிய வந்துடுங்க, அது போதும்."

படியில் நின்ற வங்கி அதிகாரி, "அப்ப எங்க வீட்டுக்கு வந்தது சர்வீஸ் இல்லையா?" என்று கேட்டார். "இல்லீங்க" என்றார் இவர்.

தாழ்ப்பாள் விலகியது. கலைந்த கூந்தலுடன் நின்ற செவிலியர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கேள்வி எதுவும் கேட்காமல் உள்ளே சென்று, ரிமோட்டை அழுத்தி விசிறியை நிறுத்தி, கட்டிலைத் தாமே ஒருபுறம் தள்ளினார். கொழுந்தனார் ஏணியை விரித்து ஏறினார். கிண்ணத்தின் திருகாணி எளிதில் பிடிபடவில்லை. திருப்புளி வழுக்கி வழுக்கிப் போயிற்று. கிண்ணம் கீழே இறங்கியது.

பின் இருந்தது.

ஆனால் அது அவர் கை செய்த வேலையாகத் தோன்றவில்லை. கால்கள் எதிரெதிரே விரியவில்லை. இரண்டு கால்களும் போல்ட்டைச் சுற்றிச் சுற்றி, இனிச் சுற்ற நீளம் இல்லை என்ற அளவுக்கு இறுக முறுக்கப்பட்டிருந்தன. குறடு கடித்த வடுக்கள் கம்பி முழுவதும் இருந்தன. வேறு யாரோ வந்து ஏறியிருக்கிறார் என்றே அவர் முதலில் எண்ணினார். அப்போது கீழிருந்து குரல் வந்தது. செவிலியர் ஏணியின் இரு கால்களையும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அன்னைக்கும் இப்படித்தான் புடிச்சுக்கிட்டு நின்னேன்."

பிறகு அவர் சொன்னதையெல்லாம் கொழுந்தனார் எனக்கு ஒன்றுவிடாமல் சொன்னார். அன்று காலை வேலை முடிந்து வந்த செவிலியர், விசிறி மாட்டி முடித்ததும் படுக்கலாம் என்று காத்திருந்தார். ஏணியின் மேல் இருந்தவருக்குத் தொலைபேசி வந்தது. "சரி" என்று சொல்லி, கையிலிருந்த பின்னையும் சேர்த்துத் தொலைபேசியைச் சட்டைப் பையில் போட்டார். அதன் பிறகு அவர் இறங்கவில்லை. விசிறியின் தண்டை ஒரு கையால் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார். சற்று நேரம் கழித்து, மறு கையால் தம் வாயைத் தடவித் தடவி எதையோ தேடினார். கீழே பெட்டியில் ஒரு சிறிய பின் இருக்கும், எடுத்துத் தாருங்கள் என்று கேட்டார். கூடுதலாக வந்த ஒன்று அதில் இருந்தது, செவிலியர் எடுத்துக் கொடுத்தார். அதைச் செருகிக் குறடால் முறுக்கத் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. முறுக்கினார், ஓய்ந்து நின்றார், மறுபடியும் முறுக்கினார். செவிலியருக்குக் கண்கள் சொருகின. ஆயினும் ஏணியை விட்டு நகரவில்லை.

"யாரு, என்னன்னு நான் கேக்கல. வேலையில தெனமும் பாக்குற முகம் அது. அந்த முகத்தோட நிக்கிறவங்ககிட்டக் கேள்வி கேக்கக் கூடாது. கீழ விழாமப் பாத்துக்கிட்டாப் போதும். அதான் புடிச்சுக்கிட்டு நின்னேன்" என்றார். படிக்கட்டில் பார்த்தபோது அடையாளம் தெரியவில்லை என்றும், அன்று கீழேயிருந்துதானே பார்த்தேன் என்றும் வருத்தத்தோடு சொன்னார்.

அந்தப் பின்னைக் கழற்றிவிட்டு முறையாக வேறொன்று போடட்டுமா என்று கொழுந்தனார் கேட்டார். வேண்டாம், இதைவிட இறுக்கமாக எதுவும் இருக்க முடியாது என்று செவிலியர் சொல்லிவிட்டார். கிண்ணத்தை மூடிவிட்டு இவர் வெளியே வந்ததும், கதவு மறுபடியும் தாழிடப்பட்டது. உள்ளே அவர் அதே இடத்துக்குக் கட்டிலை இழுக்கும் ஓசை கேட்டதாம்.

கீழ்த்தளத்துக்கு இறங்குவதற்குள் செய்தி கடைக்குப் போய்விட்டது. முதலாளி நேரில்கூடப் பேசவில்லை, தொலைபேசியிலேயே முடித்துக்கொண்டார். குடியிருப்பினர் வேறோர் ஆளை வைத்து எல்லா விசிறிகளையும் மறுபடியும் சோதித்தார்கள் என்றும், குறை எதுவும் இல்லை என்றும் பின்னர் அறிந்தோம். அதற்காக அவரை எவரும் திரும்பக் கூப்பிடவில்லை. இப்போது அவர் தனியாக வேலை எடுத்துச் செய்கிறார். இன்றும் சில நாள்களில், எங்கள் கூடத்தில் சுவரோரமாகவே உட்காருகிறார். ஏன் என்று நாங்கள் கேட்பதில்லை.

அந்தக் கதவு திறந்த அன்று மாலை அவர் நேரே மாடிக்கு வந்தார். வழக்கம்போல் கதவருகில் நிற்காமல், உள்ளே வந்து தரையில் அமர்ந்தார். நடந்த அனைத்தையும் சொன்னார். இடையில் காணாமற்போயிருந்த அந்த நேரத்தை, பிறர் வாயால் கேட்டு வந்து என்னிடம் ஒப்படைப்பவர் போலச் சொன்னார். அந்த நேரத்தில் தாம் எங்கேயும் போகவில்லை, நின்றதெல்லாம் அந்த ஏணியின் மேல்தான் என்று இரண்டு முறை சொன்னார். நாத்தனாரிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். பிறகு, தரையைப் பார்த்தபடி, என்னிடம் ஒன்று கேட்டார்.

"நான் வந்து சேர்றதுக்கு முன்னால, கடைசியா அண்ணன் ஏதாவது சொன்னாரா, அண்ணி?"

அண்ணன் இறந்த நாளிலிருந்து அவர் அதைக் கேட்டதே இல்லை. தாமதமாக வந்தவனுக்கு அதைக் கேட்கும் உரிமை இல்லை என்று எண்ணியிருப்பார் போலும். நல்ல சொல் ஒன்றைப் புனைந்து சொல்லிவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. தம்பியைத் தேடினார் என்று சொல்லியிருந்தால் அவர் அழுதிருப்பார். அழுதால் சற்று ஆறியிருப்பார். ஆனால், அத்தனை பேர் நடுவே உண்மையைச் சொல்லிவிட்டு வந்து அமர்ந்திருப்பவரிடம் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"பெருசா ஒண்ணும் சொல்லல, தம்பி. குளுருதுன்னாரு. ஃபேனைக் கொறைக்கச் சொன்னாரு."

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"கொறைச்சீங்களா?" என்றார்.

"நிறுத்திட்டேன்" என்றேன்.